வோல்டேஜ் கண்காணிப்புச் சிப்பை ஐ2சி வழியாக அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்டில் உள்ள சப்ளைகளைக் கவனித்துக்கொண்டே இருந்து, ஏதாவது ஒன்று எல்லை மீறினால் ரீசெட் கொடுக்கும் சிப்பைப் பற்றிய கேள்விகள் இவை. எந்த வோல்ட்டில் அலற வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், எந்தக் காலை (பின்னை) இழுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஐ2சி என்ற இரண்டு கம்பி பஸ் வழியாக எழுதி வைக்கிற வகைச் சிப் அது. இதில் ஒரு சங்கடம் உண்டு. தப்பாக அமைத்தாலும் போர்டு நன்றாகவே ஓடும். சப்ளை கெடும் நாளில்தான் தப்பு வெளியே வரும். அதனால் எழுதுவதற்குக் கொடுத்த இடத்தை விட, எழுதியதைச் சரிபார்ப்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மூன்று கால் ரீசெட் சிப் போதாதா? இது எதற்கு?

ஒரே ஒரு 3.3 வோல்ட் சப்ளை என்றால் மூன்று கால் சிப்பே போதும். அதை வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

எஃப்பிஜிஏ (உள் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) அல்லது பெரிய புராசஸர் உள்ள போர்டில் கதை வேறு. கோருக்கு 1.0, மெமரிக்கு 1.2, அப்புறம் 1.8, 2.5, 3.3, 5, 12 என்று வரிசையாக சப்ளைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மேல் வரம்பும் கீழ் வரம்பும் வேண்டும். எது முதலில் எழ வேண்டும், எது கடைசியில் விழ வேண்டும் என்ற ஒழுங்கும் வேண்டும். இதற்கெல்லாம் தனித்தனி சிப் போட்டால் இடமும் போகும், வரம்பை மாற்ற வேண்டுமானால் மின்தடையைச் சாலிடர் எடுத்து மாற்ற வேண்டியிருக்கும். அனலாக் டிவைசஸின் ஏடிஎம்1066 பத்து சப்ளைகளையும், எல்டிசி2977 எட்டையும், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் யூசிடி90120 பன்னிரண்டையும் ஒரே சிப்பில் பார்த்துக்கொள்கின்றன. வரம்புகள் எல்லாமே சிப்புக்குள் எழுதப்படும் எண்கள்.

ஐ2சி, எஸ்எம்பஸ், பிஎம்பஸ் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். என்ன வித்தியாசம்?

கம்பி மூன்றுக்கும் ஒன்றுதான்: ஒரு கிளாக், ஒரு டேட்டா. ஐ2சி 1982-இல் பிலிப்ஸ் கொண்டுவந்தது. பைட்டுகளை எப்படி அனுப்புவது என்று மட்டும் சொல்லும். 1995-இல் இன்டெல் அதன் மேல் எஸ்எம்பஸ் என்று சில கட்டுப்பாடுகளைச் சேர்த்தது: கிளாக் 10 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே போகக் கூடாது, 35 மில்லிசெகண்டுக்கு மேல் கிளாக் தாழ்ந்தே கிடந்தால் எல்லோரும் பஸ்ஸை விட்டுவிட வேண்டும் என்று. பிழை கண்டுபிடிக்க பிஇசி என்ற ஒரு பைட் சேர்க்கலாம் என்பது பிறகு வந்த பதிப்பில் சேர்ந்தது. 2005-இல் வந்த பிஎம்பஸ் இன்னும் ஒரு படி மேலே போய், எந்த எண் உள்ள கட்டளைக்கு என்ன பொருள் என்பதையே வகுத்துவிட்டது. ஹெக்ஸ் (பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்) 40 என்றால் வெளியீட்டு வோல்டேஜின் மேல் ஃபால்ட் வரம்பு (தாண்டினால் கோளாறு என்று சிப் எடுத்துக்கொள்ளும் எல்லை), ஹெக்ஸ் 44 என்றால் கீழ் ஃபால்ட் வரம்பு. எந்த நிறுவனத்தின் பிஎம்பஸ் சிப்பாக இருந்தாலும் இது மாறாது.

உங்கள் சிப் பிஎம்பஸ் இல்லையென்றால் ரெஜிஸ்டர் (சிப்புக்குள் எண் எழுதும் இடம்) பட்டியல் அந்த நிறுவனம் வைத்ததுதான். டேட்டாஷீட்டைத் திறக்காமல் ஒரு பைட் கூட எழுத வேண்டாம்.

புல்-அப் மின்தடை எவ்வளவு போடுவது?

பஸ் கம்பியை சப்ளையோடு இணைத்து மேலே இழுத்து வைக்கும் மின்தடை இது. இரண்டு பக்கமும் கணக்கு இருக்கிறது. கீழ் எல்லை: சாதாரண ஐ2சி சிப் 3 மில்லிஆம்பியரை இழுத்துக்கொண்டு 0.4 வோல்ட்டுக்கு இறங்கினால் போதும் என்பது விதி. 3.3 வோல்ட் பஸ்ஸில் 2.9-ஐ 0.003-ஆல் வகுத்தால் 967 ஓம். அதற்குக் கீழே போகக் கூடாது. மேல் எல்லை: சிக்னல் எழும் நேரத்தை 0.8473-ஆலும் பஸ்ஸின் மொத்தக் கெபாசிட்டன்ஸாலும் வகுக்க வேண்டும். 400 கிலோஹெர்ட்ஸில் எழும் நேரம் 300 நானோசெகண்டுக்குள் இருக்க வேண்டும். பஸ்ஸில் 100 பிகோஃபாரட் இருந்தால் விடை சுமார் 3.5 கிலோ ஓம். ஆக 2.2 கிலோ ஓம் பொருந்தும். 100 கிலோஹெர்ட்ஸில் எழும் நேரம் 1000 நானோசெகண்ட் வரை போகலாம், 4.7 கிலோ தாராளம்.

கண்காணிப்புச் சிப்புக்கு வேகம் தேவையே இல்லை. வேறு காரணம் இல்லாவிட்டால் 100 கிலோஹெர்ட்ஸிலேயே ஓட்டுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். புல்-அப் எந்த சப்ளையில் கட்டியிருக்கிறது என்று பாருங்கள். கண்காணிக்கப்படும் சப்ளையிலேயே கட்டியிருந்தால், அது விழும்போது பஸ்ஸும் கூடவே விழும். என்ன நடந்தது என்று சிப்பைக் கேட்கவே முடியாது.

சிப் பதிலே தருவதில்லை. அக்னாலெட்ஜ் பிட் வரவில்லை.

கேட்டுக்கொண்டேன் என்று சிப் திருப்பிச் சொல்லும் பிட் அது. பாதி முறை முகவரிக் குழப்பம்தான். ஐ2சி முகவரி ஏழு பிட். கூடவே போகும் எட்டாவது பிட், வாசிப்பா எழுத்தா என்று சொல்வது. சில டேட்டாஷீட்டுகள் ஏழு பிட்டை மட்டும் எழுதும், சில எட்டையும் சேர்த்து எழுதும். ஹெக்ஸ் 34 என்ற ஏழு பிட் முகவரி, எட்டு பிட்டாக எழுதினால் எழுத்துக்கு 68, வாசிப்புக்கு 69. டேட்டாஷீட்டில் 68 என்று பார்த்து அதை அப்படியே லைப்ரரிக்குக் கொடுத்தால், லைப்ரரி அதையும் ஒரு பிட் இடம்பெயர்த்து யாருமே இல்லாத வீட்டின் கதவைத் தட்டும்.

அடுத்து முகவரிக் கால்கள். இவற்றில் பலவற்றுக்கு மூன்று நிலை உண்டு: கிரவுண்டில், சப்ளையில், அல்லது எதிலும் கட்டாமல். மூன்றாவது நிலைக்கு நிஜமாகவே எதுவும் தொடக் கூடாது. அந்தக் காலில் ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸ் ஈரம் கூட முகவரியை மாற்றிவிடும். ஒரு போர்டு மழை நாளில் மட்டும் பதில் தராமல் அடம்பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்ததும் சரியாகிவிட்டது.

முகவரியைக் கண்டுபிடிக்க பஸ் முழுவதையும் ஸ்கேன் செய்வது வழக்கம். புது போர்டில் செய்யலாம். ஏற்கெனவே அமைத்து ஓடிக்கொண்டிருக்கும் போர்டில் யோசித்துச் செய்யுங்கள். ஸ்கேன் என்பது ஒவ்வொரு முகவரியிடமும் போய் எதையாவது சொல்லிப் பார்ப்பதுதான். எல்லாச் சிப்பும் அதை ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளாது. சில பழைய திங்க்பேடு மடிக்கணினிகளில் இருந்த ஏடி24ஆர்எஃப்08 என்ற ஈஈபிராம் (பவர் போனாலும் மறக்காத நினைவகம்), இப்படித் தேடும்போதே கெட்டுப்போகும் என்று ஐ2சி-டிடெக்ட் கட்டளையின் கையேடே எச்சரிக்கிறது.

வரம்பை எப்படித் தீர்மானிப்பது? 5 சதவீதம் என்று போட்டுவிடலாமா?

போடலாம், ஆனால் அதில் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு கணக்கைப் பொறுமையாகச் செய்து பார்ப்போம்.

புராசஸரின் கோர் சப்ளை 1.2 வோல்ட். 5 சதவீதம் வரை தாங்கும் என்று அதன் டேட்டாஷீட் சொல்கிறது. அப்படியானால் 1.14 வோல்ட்டுக்குக் கீழே போகும் முன் ரீசெட் வந்தே தீர வேண்டும். கண்காணிப்புச் சிப்பின் துல்லியம் கூட்டக் குறைய 1 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 1.14 என்று எழுதினால் அது 1.1286-இல் அலறினாலும் அலறலாம். அதற்குள் புராசஸர் தப்பும் தவறுமாகக் கணக்குப் போட ஆரம்பித்திருக்கும். எனவே 1.14-ஐ 0.99-ஆல் வகுத்து, குறைந்தது 1.1515 என்று வைக்க வேண்டும்.

சரி, எவ்வளவு மேலே போகலாம்? ரெகுலேட்டரின் துல்லியம் 2 சதவீதம் என்றால், எந்தக் கோளாறும் இல்லாதபோதே சப்ளை 1.176 வரை இறங்கியிருக்கலாம். ரிப்பிள் (சப்ளையின் மேல் ஏறி இறங்கும் சிற்றலை) இன்னும் 10 மில்லிவோல்ட்டைத் தின்னும், 1.166 ஆயிற்று. இந்த இடத்தில் சிப் அலறவே கூடாது.

1.152 என்று வைத்தால்? சிப் அலறும் இடம் 1.1405-க்கும் 1.1635-க்கும் நடுவே எங்காவது இருக்கும். கீழே 0.5 மில்லிவோல்ட் இடைவெளி, மேலே 2.5 மில்லிவோல்ட். நுழைகிறது, ஆனால் மூச்சுமுட்டி. இந்த நிலையில் லோடு திடீரென்று ஏறும்போது வரும் சின்னப் பள்ளத்துக்கு இடமே இல்லை. வரம்பைத் தளர்த்துவது இதற்கு மருந்து ஆகாது. துல்லியம் கூடிய சிப், துல்லியம் கூடிய ரெகுலேட்டர், அல்லது ரிப்பிளைக் குறைக்கும் கெபாசிட்டர், இந்த மூன்றில் ஒன்றை மாற்றுங்கள். இடையில் வோல்டேஜ் டிவைடர் வைத்திருந்தால் அந்த மின்தடைகளின் பிழையையும் கணக்கில் கூட்ட வேண்டும். கணக்கு இன்னும் இறுகும்.

வோல்ட்டை எப்படி பைட்டாக மாற்றுவது?

பிஎம்பஸ் சிப்பில், வெளியீட்டு வோல்டேஜ்கள் பெரும்பாலும் லீனியர்16 என்ற வடிவத்தில் இருக்கும். 16 பிட் எண் ஒன்று, அதைப் பெருக்க இரண்டின் அடுக்கு ஒன்று. அடுக்கு எவ்வளவு என்பதை ஹெக்ஸ் 20 என்ற கட்டளையை வாசித்துத் தெரிந்துகொள்ளலாம்.

எல்டிசி2977-இல் அப்படி வாசித்தால் ஹெக்ஸ் 13 வரும். அதன் கீழ் ஐந்து பிட்டுகள் 10011. இது குறி உள்ள எண். 19 என்று படித்து அதிலிருந்து 32-ஐக் கழித்தால் மைனஸ் 13. ஹெக்ஸில் 13, விடையும் மைனஸ் 13 என்பது தற்செயல்தான். அதைப் பார்த்து மைனஸ் குறியைச் சும்மா முன்னால் போட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், அடுத்த சிப்பில் பொருந்தாது.

இரண்டின் 13-ஆம் அடுக்கு 8192. 1.1 வோல்ட் சப்ளை ஒன்றுக்கு மேல் வரம்பாக 1.2 வோல்ட் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1.2-ஐ 8192-ஆல் பெருக்கினால் 9830.4. முழு எண்ணாக 9830, ஹெக்ஸில் 2666.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். எஸ்எம்பஸ்ஸில் இரண்டு பைட் எண்ணை அனுப்பும்போது கீழ் பைட் முதலில் போகும். கட்டளை 40, அடுத்து 66, அடுத்து 26. மாற்றி 26, 66 என்று அனுப்பினால் சிப் அதை 6626 என்று படிக்கும். தசமத்தில் 26150, வோல்ட்டில் 3.19. சிப் எந்தக் குறையும் சொல்லாது, செல்லுபடியாகிற எண்தானே. 1.1 வோல்ட் சப்ளைக்கு மேல் வரம்பு 3.19 வோல்ட் என்று ஆகிவிட்டது. பாதுகாப்பே இல்லை என்று அர்த்தம், ஆனால் போர்டு அழகாக ஓடும். கீழ் வரம்பில் இதே தப்பைச் செய்திருந்தால் அந்த நிமிடமே ரீசெட்டில் மாட்டி நின்று காட்டிக்கொடுத்திருக்கும். மேல் வரம்பு காட்டிக்கொடுக்காது.

பிஎம்பஸ் அல்லாத சிப்பில்?

அங்கே பெரும்பாலும் வீச்சு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் எத்தனையாவது படி என்று சொல்ல வேண்டும். 2.5 முதல் 6 வோல்ட் வரையான வீச்சில் 255 படிகள் என்றால் ஒரு படி 13.7 மில்லிவோல்ட். 3.0 வோல்ட்டில் வரம்பு வேண்டுமானால் 0.5-ஐ 3.5-ஆல் வகுத்து 255-ஆல் பெருக்க வேண்டும்: 36.4. 36 என்று எழுதினால் நிஜ வரம்பு 2.994 வோல்ட். 37 என்றால் 3.008. கீழ் வரம்பை எப்போதும் மேல்நோக்கியும், மேல் வரம்பைக் கீழ்நோக்கியும் முழுமையாக்குவது என் பழக்கம். பாதுகாப்பின் பக்கம் சாய்வது நல்லது.

தசமமா ஹெக்ஸா என்பதையும் பாருங்கள். தசமம் 36-ஐ ஹெக்ஸ் 36 என்று எழுதிவிட்டால் அது 54, வரம்பு 3.24 வோல்ட்டுக்கு ஏறிவிடும். 3.3 வோல்ட் சப்ளை லேசாக அசைந்தாலே ரீசெட்.

ஓடிக்கொண்டிருக்கும் போர்டில் வரம்புகளை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் முதலில் அந்தச் சப்ளையின் ஃபால்ட் ரீசெட் காலுக்கும், சப்ளையை ஆன் செய்யும் எனேபிள் காலுக்கும் போகாதபடி மறைத்துவிடுங்கள். 16 பிட் வரம்பை இரண்டு எட்டு பிட் ரெஜிஸ்டர்களாக எழுதும் சிப்பாக இருந்தால், முதல் பைட் போய் இரண்டாவது போகாத அந்தக் கணத்தில் வரம்பு என்னவோ ஒரு எண்ணாக இருக்கும். அந்தக் கணம் போதும், போர்டு விழுவதற்கு. ஃபால்ட் வந்தால் சப்ளையையே அணைக்கும்படி அமைத்திருந்தால், எழுதிக்கொண்டிருந்த புராசஸரே அணைந்துவிடும். பாதி எழுதிய நிலையில் சிப் நிற்கும்.

பிஎம்பஸ் சிப்பில் இன்னொரு கண்ணி, பேஜ். கட்டளை 0 தான் பேஜ். அடுத்து வரும் கட்டளைகள் எந்தச் சேனலுக்கு (கண்காணிக்கப்படும் சப்ளைக்கு) என்பதை அது முடிவு செய்யும். இரண்டு புரோகிராம்கள் ஒரே சிப்போடு பேசினால், ஒன்று பேஜை 3 என்று வைத்துவிட்டு எழுதப் போகும் இடைவெளியில் மற்றது அதை 5 ஆக்கியிருக்கும். பேஜ் வைப்பதும் எழுதுவதும் பிரியாமல் பூட்டுப் போட்டுச் செய்ய வேண்டும். பேஜில் 255 என்று வைத்தால் அடுத்த எழுத்து எல்லாச் சேனலுக்கும் போகும். வரம்புகளுக்கு இதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

எல்லாம் எழுதினேன், நன்றாக வேலை செய்தது. பவரை அணைத்துப் போட்டதும் பழைய மதிப்பு வந்துவிட்டது.

நீங்கள் எழுதியது ரேமில். அதை ஈஈபிராமுக்குப் படியெடுக்கத் தனிக் கட்டளை வேண்டும். பிஎம்பஸ்ஸில் ஹெக்ஸ் 15, ஸ்டோர் யூசர் ஆல். சில சிப்புகள் ஹெக்ஸ் 11-ஐ மட்டும் ஏற்கும்.

சேமிக்கும்போது சிப் கொஞ்ச நேரம் பதில் தராது, அல்லது ஸ்டேட்டஸ் பைட்டில் மேல் பிட்டை உயர்த்தி வேலையாக இருக்கிறேன் என்று சொல்லும். அதைப் பார்த்துக் காத்திருங்கள், கண்ணை மூடிக்கொண்டு டிலே போடுவதை விட அது நல்லது. இடையில் பவர் போகக் கூடாது. எந்த ஈஈபிராமுக்கும் எத்தனை முறை எழுதலாம் என்ற கணக்கு உண்டு, அதனால் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் சேமிக்கும்படி ஃபர்ம்வேர் எழுதாதீர்கள். முதலில் வாசித்து, மாறியிருந்தால் மட்டும் எழுதுங்கள். சிப் சூடாக இருக்கும்போது எழுதினால் தரவு தக்கவைக்கும் காலம் குறையும் வகைகளும் இருக்கின்றன. ஹீட் சேம்பரில் டெஸ்ட் ஓடும்போது சேமிக்க வேண்டுமானால் டேட்டாஷீட்டின் வெப்ப எல்லையைப் பார்த்துவிடுங்கள்.

சேமித்தபின் பவரை முழுதாக அணைத்து, கெபாசிட்டர்கள் வடியும்வரை பொறுத்து, மறுபடி போட்டு, ஒவ்வொரு ரெஜிஸ்டரையும் வாசித்து ஒப்பிடுங்கள். அணைக்காமல் வாசித்தால் ரேமில் இருப்பதைத்தான் பார்ப்பீர்கள்.

மீட்டரில் 3.3 வோல்ட் சரியாகவே காட்டுகிறது. ஆனாலும் அவ்வப்போது ரீசெட் வருகிறது.

மீட்டர் சராசரியைக் காட்டும், சிப் கணத்தைப் பார்க்கும். கம்பாரேட்டர் (இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் சுற்று) வைத்துக் கண்காணிக்கும் சிப்புகள் மைக்ரோசெகண்டுகளில் முடிவு எடுத்துவிடும். ஆசிலாஸ்கோப்பை சப்ளையில் வைத்து, வரம்புக்குக் கீழே போனால் பிடிக்கும்படி ட்ரிக்கர் போட்டுக் காத்திருங்கள். புரோபின் நீளமான கிரவுண்ட் கம்பியைக் கழற்றிவிட்டு, சிறிய ஸ்பிரிங் கிரவுண்டைப் போடுங்கள். இல்லையென்றால் கம்பி பிடிக்கும் இரைச்சலைத்தான் அளப்பீர்கள்.

நிஜமாகவே பள்ளம் விழுந்தால், எவ்வளவு நேரத்துக்கு என்று பாருங்கள். பல சிப்புகளில் கிளிட்ச் ஃபில்டர் உண்டு. இத்தனை மைக்ரோசெகண்டுக்குக் குறைவான பள்ளத்தைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லலாம். புராசஸர் தாங்கும் என்று தெரிந்த அளவுக்கு மட்டும் ஃபில்டரைக் கூட்டுங்கள். பள்ளம் தெரியவில்லை, ஆனால் ரீசெட் வருகிறது என்றால் சென்ஸ் கோடு (சிப் வோல்டேஜைப் பார்க்கும் கம்பி) எங்கிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது என்று தடம் பிடியுங்கள். ரெகுலேட்டர் பக்கத்தில் எடுத்திருந்தால் புராசஸர் பக்கத்தில் நடப்பது சிப்புக்குத் தெரியாது. ஸ்விட்சிங் காயிலுக்கு அடியில் அந்தக் கோடு ஓடினால், இல்லாத பள்ளம் சிப்புக்குத் தெரியும்.

ஏடிசி (வோல்டேஜை எண்ணாக்கும் சுற்று) வைத்து முறை வைத்து ஒவ்வொரு சேனலாக அளக்கும் சிப்புகள் இதற்கு நேர்மாறு. அவை மெதுவானவை, சின்னப் பள்ளத்தைத் தவறவிடும். எல்டிசி2977 மாதிரிச் சிப்பில் இரண்டும் இருக்கின்றன: ஃபால்ட் வரம்புகளை வேகமான சுற்று பார்க்கிறது, எச்சரிக்கை வரம்புகளை ஏடிசி பார்க்கிறது. எனவே எச்சரிக்கையே வராமல் நேராக ஃபால்ட் வருவதில் ஆச்சரியம் இல்லை.

ஃபால்ட் வந்தது, ஆனால் ஸ்டேட்டஸ் பைட்டில் கீழ் வோல்டேஜ் என்று எதுவும் இல்லையே?

ஹெக்ஸ் 78-ஐ மட்டும் வாசித்திருப்பீர்கள். அந்த ஒற்றை பைட்டில் வெளியீட்டின் மேல் வோல்டேஜ் ஃபால்ட்டுக்குத் தனி பிட் உண்டு, வெளியீட்டின் கீழ் வோல்டேஜுக்கு இல்லை. ஹெக்ஸ் 79-ஐ இரண்டு பைட்டாக வாசியுங்கள். அதில் உச்சி பிட் உயர்ந்திருந்தால் வெளியீட்டு வோல்டேஜில் ஏதோ இருக்கிறது. அப்புறம் அந்தச் சேனலின் பேஜில் நின்று வோல்டேஜ் ஸ்டேட்டஸைத் தனியே கேட்டால், மேலா கீழா, எச்சரிக்கையா ஃபால்ட்டா என்று பிரித்துச் சொல்லும்.

இந்த பிட்டுகள் தாமாக இறங்காது. ஹெக்ஸ் 3 அனுப்பித் துடைக்க வேண்டும். துடைத்த உடனே திரும்ப எழுந்தால் ஃபால்ட் இன்னும் இருக்கிறது. துடைக்கும் முன் வாசித்துப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பூட் ஆனதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் துடைக்கும் ஃபர்ம்வேர், நேற்று இரவு போர்டு ஏன் விழுந்தது என்ற ஒரே சாட்சியையும் அழித்துவிடுகிறது.

பிஇசி பைட் தேவையா?

வேண்டும். முகவரியில் தொடங்கிக் கடைசி பைட் வரை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் எட்டு பிட் சிஆர்சி (பிழையைக் காட்டும் சரிபார்ப்பு எண்) அது. ஸ்விட்சிங் ரெகுலேட்டர்களுக்கு நடுவே ஓடும் பஸ் இது, ஒரு பிட் புரண்டு வரம்பு மாறிப்போவது நடக்கக்கூடியதே. பிஇசி பொருந்தவில்லை என்றால் சிப் அந்த எழுத்தை நிராகரித்து, ஸ்டேட்டஸ் பைட்டில் தகவல் தொடர்புப் பிழை என்ற பிட்டை உயர்த்தும். கூட ஒரு பைட் அனுப்பும் செலவு இதற்குப் பெரிதில்லை.

டேட்டா கம்பி தாழ்ந்தே நிற்கிறது. பஸ் தொங்கிவிட்டது.

வாசிப்பின் நடுவில் மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகியிருக்கும். சிப் ஒரு 0 பிட்டை வெளியே வைத்துக்கொண்டு அடுத்த கிளாக்குக்காகக் காத்திருக்கிறது. கிளாக் காலைச் சாதாரண வெளியீடாக மாற்றி ஒன்பது துடிப்பு கொடுங்கள், பிறகு ஒரு ஸ்டாப். பெரும்பாலும் விட்டுவிடும். கண்காணிப்புச் சிப்தான் மைக்ரோகன்ட்ரோலரை ரீசெட் செய்கிறது என்றால் இது அடிக்கடி நடக்கக்கூடியது, அதனால் இந்த ஒன்பது துடிப்பைத் தொடக்க வேலைகளிலேயே சேர்த்துவிடுங்கள்.

லினக்ஸில் சிப்பின் முகவரி இருக்கும் இடத்தில் இரண்டு யூ எழுத்து தெரிகிறது. எழுத முடியவில்லை.

கெர்னல் டிரைவர் அந்தச் சிப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. வலுக்கட்டாயமாக எழுதும் வழி உண்டு, ஆனால் டிரைவர் பேஜை மாற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் எழுதுவது வேறு சேனலில் போய் விழும். டிரைவரை விடுவித்துவிட்டு எழுதுங்கள், அல்லது டிரைவர் கொடுக்கும் கோப்புகள் வழியாகவே வரம்பை மாற்றுங்கள். அந்தக் கோப்புகளில் அலகு மில்லிவோல்ட்: 1152 என்றால் 1.152 வோல்ட்.

அமைத்ததை யாரும் மாற்றாமல் பூட்டுவது எப்படி?

பிஎம்பஸ்ஸில் ஹெக்ஸ் 10-இல் ஹெக்ஸ் 80 எழுதினால், அந்த ஒரு கட்டளையைத் தவிர வேறு எதையும் எழுத முடியாது. 0 எழுதினால் திறந்துகொள்ளும். திறக்க முடியாத நிரந்தரப் பூட்டு உள்ள சிப்புகளும் உண்டு. கடைசிச் சோதனை முடியும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

போர்டுக்கு பவர் வர இந்தச் சிப் வேண்டும். சிப்பில் எழுத போர்டுக்கு பவர் வேண்டும். வெறும் சிப்பை எப்படி ஆரம்பிப்பது?

போர்டு வரையும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது. கிளாக், டேட்டா, கிரவுண்ட், கூடவே 3.3 வோல்ட் என்று நான்கு கால் கனெக்டர் ஒன்று வையுங்கள். புரோகிராமரிலிருந்து வரும் 3.3 வோல்ட் ஒரு டயோடு வழியாகச் சிப்புக்கும் புல்-அப்புக்கும் மட்டும் போக வேண்டும். மற்ற சப்ளைகள் எல்லாம் அணைந்தே இருக்கும், எழுதும்போது எதுவும் எழாது. வெறும் சிப்பில் எனேபிள் கால்கள் எந்த நிலையில் இருக்கும் என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். மிதக்கும் என்றால் ஒவ்வொன்றையும் மின்தடை போட்டுக் கீழே இழுத்து வையுங்கள்.

எல்லாம் வாசித்துச் சரிபார்த்தாயிற்று. இன்னும் சோதிக்க வேண்டுமா?

வேண்டும். ரெஜிஸ்டரில் சரியான எண் இருக்கிறது என்பது மட்டும்தான் இதுவரை தெரியும். அந்த எண் சரியான காலை இழுக்கிறதா என்று தெரியாது. ஃபால்ட் மறைப்பை எழுதும்போது போட்டுவிட்டு எடுக்க மறந்திருந்தாலும் வரம்புகள் எல்லாம் சரியாகவே வாசிக்கும். எனக்கு அப்படி ஒரு போர்டு கைக்கு வந்தது. 12 சேனலும் பார்க்க ஒழுங்கு, ஆனால் ஏழாவது சேனலின் சப்ளை விழுந்தால் ரீசெட் கால் அசையவே இல்லை. மறைப்பு ரெஜிஸ்டரில் ஒரே ஒரு பிட்.

சென்ஸ் கோட்டில் தொடராக உள்ள மின்தடையை எடுத்துவிட்டு, சிப்பின் பக்கம் ஒரு பெஞ்ச் சப்ளையிலிருந்து 1.2 வோல்ட் கொடுங்கள். ஆசிலாஸ்கோப்பில் ஒரு புரோப் அங்கே, இன்னொன்று ரீசெட் காலில். வோல்டேஜை ஒரு மில்லிவோல்ட், ஒரு மில்லிவோல்ட்டாக இறக்குங்கள். ரீசெட் விழும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே போட்ட கணக்கின்படி அது 1.1405-க்கும் 1.1635-க்கும் நடுவே இருக்க வேண்டும். பிறகு மெல்ல ஏற்றி, எந்த இடத்தில் விடுகிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் ஹிஸ்டெரிசிஸ். அதே சேனலில் மேல் வரம்பையும் தாண்டிப் பாருங்கள், சென்ஸ் காலின் உச்ச எல்லைக்குள் நின்றுகொண்டு. மின்தடையைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த சேனலுக்குப் போங்கள். பன்னிரண்டு சேனலுக்கு அரை நாள் ஆகும். முதல் போர்டில் அந்த அரை நாளை ஒதுக்கிவிடுங்கள்.